ஆமணக்கு சேராத மருந்து

மேட்டகள்ளி, மைசூரு
ஜூன் 5, வியாழன்

அன்புத் தங்கை சித்தம்மாவுக்கு, சொர்ணலதா அக்கா எழுதிக்கொள்வது.

கடிதம் என்றால் முதல் வரியில் நலம் என்று எழுத வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாததால்தான் பேனாவையே எடுத்தேன். மூன்று வாரமாக உன் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன். பாதி நேரம் உங்கள் கௌதள்ளிப் பக்கம் டவர் இருப்பதில்லை. ஒரே ஒரு முறை உன் வீட்டுக்காரர் எடுத்தார். நீ காட்டு வேலைக்குப் போயிருப்பதாகவும் நன்றாக இருப்பதாகவும் சொல்லி வைத்துவிட்டார். நன்றாக இருக்கிறவள் ஏன் திருப்பிக் கூப்பிடவில்லை என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

கொளத்தூரில் உன் அம்மாவின் பிறந்த வீட்டில் தங்கி எட்டாவது வரை தமிழில் படித்ததாக ஒரு நாள் சொன்னாய். நானும் இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்தவள். என் மகன் யுவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டத் தெரியாது. உன் வீட்டிலும் தம்பி தொட்டையனுக்கும் மகள் ரூபாவுக்கும் கன்னடம்தான் வாசிக்க வரும் என்றாய். ஆகவே இது நாம் இருவர் மட்டும் பேசிக்கொள்வது. மனதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

மே பதின்மூன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் நடந்ததை நீ உன் நாற்காலியிலிருந்து பார்த்தாய், நான் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தேன். பிப்ரவரியில் ஒரே வாரத்தில் நம் இருவருக்கும் மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் நான்கு முறை அந்தச் சிவப்பு மருந்தைப் பக்கத்தில் பக்கத்தில் சாய்ந்துதான் வாங்கிக்கொண்டோம். உன் கட்டி எலுமிச்சங்காய் அளவிலிருந்து கொட்டைப்பாக்கு அளவுக்கு இறங்கியது. ஐந்தாவது முறை மருந்தை மாற்றினார்கள். பாட்டில் மாட்டிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, உன் முகம் செக்கச்செவேலென்று ஆகி, மூச்சு விட முடியவில்லை என்று சைகை காட்டினாய்.

உனக்கு ஞாபகம் இருப்பது அதுவரைதான். அப்புறம் நடந்ததைக் கேள். நர்ஸ் ஒரே எட்டில் வந்து குழாயை மூடினார். இரண்டு ஊசி போட்டு ஆக்சிஜன் வைத்தார்கள். இறங்கிப்போயிருந்த உன் பிரஷர் முக்கால் மணி நேரத்தில் பழையபடி ஏறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாய். என்ன செய்ய வேண்டும் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் தம்பி தொட்டையன் வாசலில் நின்று பார்த்தது அந்த முதல் பத்து நிமிடத்தைத்தான். சாயங்காலமே கையெழுத்துப் போட்டு உன்னை அழைத்துக்கொண்டு போய்விட்டார். கிளம்பும்போது நீ என் கையைப் பிடித்துச் சொன்னாய்: "சாவறதா இருந்தா எங்கூட்டுலயே சாவறனுங்க்கா. இந்த நாக்காலியில வேண்டாம்."

அதற்குப் பதில் என்னிடம் இன்று இருக்கிறது.

முந்தாநாள் என் முறை. மோகனப்ரியா டாக்டர் வந்ததும் உன்னைத்தான் விசாரித்தார். கோயம்புத்தூர்ப் பெண் அல்லவா, உன் பேச்சைக் கேட்டால் அவருக்குச் சொந்த ஊரில் இருக்கிற மாதிரி. நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஊதுபத்தி ஃபாக்டரியில் நாற்பது பெண்களை வேலை வாங்குகிறவள் நான். ஒரு கலவை கெட்டுப்போனால், எதனால் கெட்டது என்று தெரியாமல் அடுத்த கலவையைத் தொட விடமாட்டேன். அப்படியேதான் அவரையும் கேட்டேன்.

அந்த மருந்து தண்ணீரில் கரையாதாம். அதற்காக ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாரித்த ஒரு திரவத்தில் கரைத்து ஏற்றுகிறார்கள். உங்கள் காட்டு வரப்பில் நிற்குமே, நீங்கள் கொட்டமுத்து என்பீர்களே, அந்த ஆமணக்குதான். மருந்து ஏறியதும் சிலருக்கு உடம்பு இப்படி முரண்டு பிடிப்பது பெரும்பாலும் அந்தத் திரவத்தால்தானாம். எனக்கும் அதே கலவைதான் ஏறுகிறது, ஒன்றும் செய்யவில்லை. உனக்குச் சேரவில்லை.

இதே மருந்தை ஆமணக்கு இல்லாமலும் செய்கிறார்கள். நம் ரத்தத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற அல்புமின் என்ற புரதத்தில் மருந்தைப் பொதிந்து, மிக மிகச் சிறிய துகள்களாக்கி விடுகிறார்கள். நானோ துகள் என்று பெயர். எவ்வளவு சிறிது என்று கேட்டேன். ஒரு தலைமுடியின் தடிமனை அறுநூறு கூறு போட்டால் அதில் ஒரு கூறு என்றார். மொட்டைத் தலைக்காரியிடம் சொல்ல உங்களுக்கு வேறு அளவே கிடைக்கவில்லையா என்றேன். சிரித்துவிட்டார். ஆனால் எனக்குப் புரிந்தது. எங்கள் ஃபாக்டரியில் கரித்தூளை மூன்று சல்லடையில் சலிப்போம். நைசாக இருந்தால்தான் குச்சியில் பிடிக்கும், கரகரப்பாக இருந்தால் உதிர்ந்துவிடும். கட்டி தான் வளர்வதற்கு அந்தப் புரதத்தை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளுமாம். இழுக்கும்போது மருந்தும் கூடவே உள்ளே போய்விடும்.

நான் பூசி மெழுகி எழுதவில்லை. இதிலும் தொல்லை உண்டு. விரல் நுனி மரத்துப்போகும், ரத்த அணு குறையும், முடி இப்போதைக்கு வராது. அன்று நடந்த மாதிரி மறுபடி நடக்குமா என்று நேராகவே கேட்டேன். மிக அபூர்வம், ஆனால் நடக்கவே நடக்காது என்று எழுதிக் கொடுக்க மாட்டேன், முதல் முறை நானே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்றார். நடக்கவே நடக்காது என்று சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். உன் காப்பீட்டு அட்டையில் இந்த மருந்துக்கு அனுமதி வாங்கவும் அவரே எழுதித் தருகிறாராம்.

வரும் இருபத்து நான்காம் தேதி செவ்வாய்க்கிழமை எனக்கு அடுத்த முறை. நீயும் அன்றே வா. திங்கட்கிழமை வந்தால் ரத்தப் பரிசோதனை முடித்துவிடலாம், ராத்திரி என் வீட்டில் தங்கலாம். பாதியில் விட்ட கட்டி சும்மா இருக்காது என்கிறார் டாக்டர்.

இப்போது என் நலம். மல்லிகை வாசனைக் கட்டு பேக்கிங்குக்கு வந்தால் வயிற்றைப் புரட்டுகிறது. வெளியே போய் நின்றுகொண்டு ஜன்னல் வழியாக அதட்டுகிறேன். பெண்கள் சிரிக்கிறார்கள். மற்றபடி சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது.

பதில் எழுது. ஒரு வரி போதும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
சொர்ணலதா


மேட்டகள்ளி, மைசூரு
ஜூன் 13, வெள்ளி

அன்புத் தம்பி தொட்டையனுக்கு, சொர்ணலதா அக்கா வணக்கத்துடன் எழுதுவது.

உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். கன்னடத்தில் எழுத என்னாலும் முடியும். ஆனால் இதைச் சித்தம்மா உங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. சித்தம்மா, ஒரு வரியையும் விடாதே. விட்டால் எனக்குத் தெரியப்போவதில்லை, உனக்குத் தெரியும்.

தம்பி, நேற்று நீங்கள் போன் செய்ததில் எனக்குச் சந்தோஷம்தான், கோபமாகப் பேசினாலும். என் கடிதத்தைப் படித்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்றீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், அக்கா நலம் விசாரித்திருக்கிறார் என்று மட்டும் சொல்லிக் கடிதத்தை அரிசி டின்னில் போட்டு வைத்திருக்கிறாளாம். அப்படி என்னதான் எழுதினீர்கள் என்று என்னைக் கேட்டீர்கள். நான் வேறு மாதிரி மருந்து ஒன்று வந்திருக்கிறது என்று ஆரம்பித்ததும் நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள். ஊருக்குப் போன அடுத்த திங்கட்கிழமையே மலைக்குப் போய், மாதேஸ்வரன் சன்னிதியில் சூடம் அணைத்து, அந்த மருந்தை இனி இவள் உடம்பில் ஏற விடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டதாகச் சொன்னீர்கள். அப்புறம் லைன் இல்லை. டவர் போனதா, நீங்களே வைத்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

அந்த மருந்து, இந்த மருந்து பற்றி எல்லாம் சித்தம்மாவின் கடிதத்தில் விவரமாக இருக்கிறது. டின்னிலிருந்து எடுத்து அதையும் அவள் வாசிக்கட்டும். நான் இங்கே சொல்ல வந்தது வேறு.

ஒரு குறுக்கு வழி எனக்குத் தோன்றியது. இது முற்றிலும் வேறு மருந்து, உங்கள் சத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதிவிடலாம் என்று. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மனம் ஒப்பவில்லை. உள்ளே இருப்பது அதே மருந்துதான் தம்பி. அதைச் சுமந்துகொண்டு போகிறது மட்டும்தான் வேறு. அன்று அவளைப் பாடாய்ப் படுத்தியது அனேகமாகச் சுமந்து போனதுதான் என்கிறார் டாக்டர். நீங்கள் சத்தியம் செய்தது எதன் மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது உங்களுக்கும் மாதேஸ்வரனுக்கும் நடுவில் உள்ளது.

நீங்கள் பயந்ததில் தப்பில்லை. என் கையில் ஊசி குத்தியிருந்ததால் அன்று எழுந்து அவள் பக்கம் வர முடியவில்லை. நானும் பயந்துதான் போனேன். உங்கள் முகத்தையும் பார்த்தேன். அந்த முகத்தோடு பஸ்ஸில் கொள்ளேகால் வரைக்கும், அங்கிருந்து ஊர் வரைக்கும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போன மனிதர் சத்தியம் செய்யாமல் என்ன செய்வார்?

இனி எழுதுவது அவள் என்னை நம்பிச் சொன்னது. மூன்றாவது முறை மருந்து ஏறியபோது நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னாள். இன்று அந்த வார்த்தையை மீறுகிறேன். சித்தம்மா, என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள், ஆனால் நிறுத்தாமல் வாசி. நீ சொன்னபடியே எழுதுகிறேன்.

"எனக்குப் பொழைக்கோணும்னு ஆசைதானுங்க்கா. அத அவருகிட்டச் சொல்லிப்போட்டு அப்பறம் பொழைக்காமப் போயிட்டா, அந்த மனுசன் தாங்க மாட்டாருங்க்கா. அதனால அவரு முன்னால ஆசைப்படாதவளாட்டமே இருக்கறனுங்க."

தம்பி, வீட்டிலேயே சாகிறேன் என்று அன்று உங்கள் முன்னால் என்னிடம் சொன்னதும் இவள்தான். இரண்டில் எது நிஜம் என்று நீங்கள் என்னைக் கேட்க வேண்டாம். அவள் உங்கள் எதிரில்தான் இருக்கிறாள். உனக்கு என்ன வேண்டும் என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்று அவள் சொன்னால் நான் அதற்கு மேல் எழுத மாட்டேன், போனும் செய்ய மாட்டேன். வேண்டும் என்றால் இருபத்து மூன்றாம் தேதி திங்கட்கிழமை இருவரும் புறப்பட்டு வாருங்கள். பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன்.

உங்கள் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்
அக்கா சொர்ணலதா


கௌதள்ளி
ஜூன் 19

அன்பான அக்காவுக்குத் தங்கச்சி சித்தம்மா எழுதுவது. நான் கடிதம் எழுதி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இது உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் நானே வந்தாலும் வந்துவிடுவேன். போனில் சொல்ல வாய் வராது என்பதால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை தபால் வந்தது. பால் கறந்து முடித்த பிறகு அவர் என்னை உட்காரச் சொல்லிப் படிக்கச் சொன்னார். படித்தேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன். எழுத்து தெளிவாக இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். தெரிகிற வரைக்கும் படி என்றார். படித்துவிட்டேன்.

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். மாட்டுக்கு அப்போதுதான் காட்டியிருந்தோம். வெகு நேரம் கழித்து வந்து, நிஜமாகவே அப்படிச் சொன்னாயா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அப்போது அவர் சொன்னது, "மாதேசுரன்கிட்ட நான் பேசிக்கறன். நீ துணிமணிய எடுத்து வை."

நேற்று விடிந்ததும் மலைக்குப் புறப்பட்டுப் போனார். பொழுது சாய வந்தார். அங்கே என்ன சொன்னார், என்ன கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. நெற்றியில் விபூதியோடு வந்தவர் எனக்கும் பூசிவிட்டார்.

உங்கள் மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன் அக்கா. என் வாயாலேயே அதை அவருக்குச் சொல்ல வைத்துவிட்டீர்கள். இப்போது கோபம் இல்லை. பயம் இருக்கிறது. அந்த நாற்காலியில்தான் மறுபடி உட்கார வேண்டும். கட்டியும் கொஞ்சம் பெருத்த மாதிரி இருக்கிறது, அவரிடம் சொல்லவில்லை. இல்லை, சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை வருகிறோம். உங்களுக்கு ராகி மாவு கொண்டு வருகிறேன்.

தங்கச்சி
சித்தம்மா


மேட்டகள்ளி, மைசூரு
அக்டோபர் 6, திங்கள்

அன்புத் தங்கை சித்தம்மாவுக்கு, சொர்ணலதா எழுதுவது.

நேற்று போனில் "எல்லாம் நல்லபடி" என்று நான் கத்தியதும், "எது நல்லபடிங்?" என்று தம்பி தொட்டையன் திருப்பிக் கத்தியதும், நடுவில் லைன் போனதும் போதும். ஆபரேஷன் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, ரிப்போர்ட்டை அக்காவிடம் கொடுங்கள் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா, சனிக்கிழமை போய் வாங்கிவிட்டேன். டாக்டரை உட்கார வைத்து ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டேன். அதை நீ எடுத்து வைத்துக்கொள்ளும்படி எழுதுகிறேன்.

உன் மார்பில் கட்டி இருந்த இடத்தைச் சுற்றி வெட்டி எடுத்தார்கள். அதைச் சீவிச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் புற்றுநோய் அணு ஒன்றுகூட மிச்சம் இல்லை. கட்டி இருந்ததற்குத் தழும்பு மட்டும் இருக்கிறது. மருந்து உள்ளேயே எல்லாவற்றையும் முடித்திருக்கிறது.

இரண்டாவது, அக்குள். ஆபரேஷனுக்கு முன்னால் மார்பில் கறுப்புக் காபி மாதிரி ஒன்றை ஊசியில் ஏற்றினார்களே, அது இரும்பு. அதுவும் நானோ துகள்தான், கண்ணுக்குத் தெரியாத அளவு. மார்பிலிருந்து நோய் வெளியே கிளம்பினால் எந்த நெறிக்கட்டிக்கு முதலில் போய்ச் சேருமோ, அந்த இரும்பும் அதற்கே போய்ச் சேரும். காந்தக் கோல் ஒன்றை வைத்துத் தேடி அதை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். உனக்கு இரண்டு எடுத்தார்கள், இரண்டும் சுத்தம். அதனால் மீதி எதையும் தொடவில்லை. உன் கை உன் கையாகவே இருக்கிறது. மாடு கறக்கலாம், மக்காச்சோளம் ஒடிக்கலாம். தோலில் இருக்கும் அந்தப் பழுப்புக் கறை போக ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகுமாம். சோப்பு போட்டுத் தேய்க்காதே.

எல்லாம் முடிந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. நவம்பர் முதல் வாரம் உனக்குக் கதிர் சிகிச்சை ஆரம்பம். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். விரல் மரத்திருப்பது மெதுவாகத்தான் சரியாகும். ஆனால் உன் ரிப்போர்ட்டைச் சொல்லும்போது மோகனப்ரியா டாக்டருக்குக் குரல் மாறிவிட்டது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூன் இருபத்து நான்காம் தேதியை இன்று நினைத்துக்கொண்டேன். நீ அன்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டதால் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நர்ஸ் பாட்டிலை மாட்டியதும், அது தண்ணீர் விட்ட பால் மாதிரி வெள்ளையாக இருப்பதைப் பார்த்துத் தம்பி தொட்டையன், இது என்ன பாலா என்று கேட்டார். நர்ஸ் சிரிக்காமல், மருந்துதான், "ஏனூ ஆகல்ல அண்ணா", ஒன்றும் ஆகாது என்று கன்னடத்தில் சொன்னார். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்பி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நின்றார். ஒரு கை பாட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. ஏதாவது ஆனால் கம்பியோடு பிடுங்கிக்கொண்டு போய்விடுவாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பத்து நிமிடம் ஆனது. உன் முகம் மாறவில்லை. இருபது ஆனது. அவர் கம்பியை விட்டுவிட்டு உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் நர்ஸ் வந்து கழற்றியபோது நீ கண்ணைத் திறந்து என்னிடம் கேட்டாய், "எப்பங்க்கா ஆரம்பிப்பாங்க?" தம்பி வெளியே போய்விட்டார். வெளியே எதற்குப் போனார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். எனக்கு இன்னும் இரண்டு மணி நேர மருந்து பாக்கி இருந்தது. உன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.

சரி. இனி என் சங்கதி. இதைப் போனில் சொல்லவில்லை.

என் எழுத்து கோணலாக இருப்பதை இதற்குள் கவனித்திருப்பாய். விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். என் ரிப்போர்ட் ஆகஸ்ட் கடைசியிலேயே வந்துவிட்டது. உன் ஆபரேஷன் முடியட்டும் என்று சொல்லாமல் இருந்தேன். எனக்கும் அதே இரும்பை ஏற்றினார்கள். மூன்று நெறிக்கட்டியைக் காட்டிக்கொடுத்தது. இரண்டு சுத்தம், ஒன்றில் நோய் இருந்தது. நான் மேசையில் மயக்கத்தில் இருக்கும்போதே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அக்குளை இன்னும் திறந்து மீதியையும் எடுத்தார்கள். இரும்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அது காட்டாமல் விட்டிருந்தால் அந்த ஒன்று உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஸ்கேனில் உடம்பில் வேறு எங்கும் இல்லை. கதிர் சிகிச்சை மூன்று வாரம், மாத்திரை ஐந்து வருஷம். இதைச் சொல்லும்போது டாக்டர் ஃபைலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதனால் நம்புகிறேன்.

உன் ஆபரேஷன் வார்டுக்கு நான் சால்வை போர்த்திக்கொண்டு வந்தபோது, ஏன் அக்கா இடது கையாலேயே எல்லாம் செய்கிறீர்கள் என்று கேட்டாய். தூக்கத்தில் சுளுக்கிக்கொண்டது என்றேன். பொய். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை.

ஃபாக்டரியில் உட்கார்ந்த வேலை கொடுத்திருக்கிறார்கள். பெண்கள் என்னைவிட நன்றாக வேலையை நடத்துகிறார்கள், அது ஒரு வருத்தம். யுவன் பூனாவிலிருந்து தினமும் இரண்டு முறை பேசுகிறான். அவனுக்கு மாதக் கடைசியில்தான் லீவு. அவன் அப்பா இருந்திருந்தால் என்று நான் நினைப்பதில்லை. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, பழகிவிட்டேன்.

பதினைந்தாம் தேதி என்னைப் படுக்க வைத்துக் கதிருக்கு அளவு எடுப்பார்கள். அதற்கு வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, அசையாமல் பத்து நிமிடம் வைத்திருக்க வேண்டுமாம். கை ஏறாவிட்டால் தேதி தள்ளிப்போகும். சுவரைப் பார்த்து நின்று விரலாலேயே மெல்ல மெல்ல மேலே ஏற்றிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் காலையில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்கிறேன். நேற்று நெற்றி உயரம். இன்றும் நெற்றி உயரம்தான். வலிக்கிற இடத்தில் நிறுத்திவிடுகிறேன் சித்தம்மா. நாற்பது பேரை அதட்டுகிற எனக்கு என் கையை அதட்ட வரவில்லை. பக்கத்தில் யாராவது நின்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொன்னால் ஏறும் என்று தோன்றுகிறது.

மக்காச்சோளம் ஒடிக்கிற நேரம் என்று தெரியும். தம்பி தொட்டையனைத் தனியாக விட்டு வருவது கஷ்டம் என்றும் தெரியும். நவம்பரில் எப்படியும் நீ இங்கேதான் தங்கப்போகிறாய். முடிந்தால் உன் தேதிக்கு முன்னாலேயே வந்துவிடேன். நாலு நாள் போதும். மூன்று நாள் என்றாலும் சரி.

மாதேஸ்வரன் உன்னையும் உன் வீட்டையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ரூபா நன்றாகப் படிக்கட்டும்.

வியாழக்கிழமையிலிருந்து சாயங்காலம் வீட்டிலேயே இருப்பேன். கதவு சாத்தித்தான் இருக்கும், தாழ் போட்டிருக்க மாட்டேன்.

உன்
அக்கா